பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த ஆப்பிள்

ஆப்பிளாக் கொண்டுவந்து குவிச்சிட்டாவ. ஃபிரிட்ஜுக்குள்ள காய்கறித் தட்டு நிறைய ஆப்பிள், சாப்பாட்டு மேசையில ஆப்பிள், ஹால்ல டிவி பக்கத்துல பைக்கட்டு பிரிக்காமலே ரெண்டு கிலோ ஆப்பிள். ஒரு மனுசி சீக்காப் படுத்தா இந்தப் பாளையங்கோட்டையில யாருக்கும் வேற ஒண்ணும் வாங்கத் தோணாதா? ஒரு கிலோ கத்திரிக்கா கொண்டு வரக்கூடாதா, ஒரு பொட்டலம் காரச்சேவு? எனக்கு ஆப்பிளே பிடிக்காது. அறுபத்தஞ்சு வருசமாப் பிடிக்காது, எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் கொண்டு வாராவ, மேசையில வைக்காவ, கட்டில் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து என் கையைப் பிடிச்சிக்கிட்டு, ‘டீச்சர் மெலிஞ்சிட்டிய, நல்லாச் சாப்பிடணும்’னு சொல்லுதாவ. அது எப்படிச் சாப்பிட? உள்ள போனது போன வழியே திரும்பி வருது. சரி, கிடக்கட்டும். ஐப்பசி மாசம், சிம்லாவுல சீசன், லாரி லாரியா இறங்குது, தெருமுனையில தள்ளுவண்டிக்காரன் பளபளன்னு துடைச்சு அடுக்கி வச்சிருப்பான், வாங்கி வாராவ. நேத்து நான் எண்ணிப் பாத்தேன், முப்பத்தொண்ணு. ஆறுல மேல்தோலு சுருங்கிருச்சு. மூணுல கருப்புப் பொட்டு. முப்பத்தொரு வருசம் பிள்ளைகளுக்கு மனையியல் பாடம் எடுத்தவ வீட்டுல பழம் அழுகினா நல்லாவா இருக்கும்? அதான் இன்னைக்கு எந்திரிச்சு நிக்கேன். ஞாயித்துக்கிழமை, மதியச் சாப்பாடு முடிஞ்சு ரெண்டரை மணி, அடுப்படியில நாற்காலியைப் போட்டு உக்காந்து தோல் சீவுதேன். ஆப்பிள் கிரம்பிள். பத்தாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு வருசா வருசம் செஞ்சு காட்டினது. ஆப்பிளை நறுக்கி அடியில போடு, மைதாவும் வெண்ணெயும் சீனியும் பிசிறி மேல தூவு, ஓவன்ல வை. ஒரு குழந்தைகூட செஞ்சிரும். தெர்மாமீட்டர் வேண்டாம், பாகு பதம் வேண்டாம், முட்டை வேண்டாம். செத்துப்போகப் போறவகூடச் செய்யலாம்.

பாத்தியா, மனசுக்குள்ள எவ்வளவு லேசாச் சொல்லிட்டேன். செத்துப்போகப் போறவ. வாயைத் திறந்து சொல்லத்தான் வரமாட்டேங்குது. ஒரு மாசமா ஒரு வாக்கியத்தை வச்சு உருட்டிக்கிட்டிருக்கேன், ‘எனக்குத் தெரியும்ங்க’. ரெண்டே ரெண்டு வார்த்தை. கிளாஸ்ல நாப்பது பிள்ளைக முன்னால நின்னு தொண்டை கிழியப் பேசினவளுக்கு ரெண்டு வார்த்தை வரல. முந்தாநாள் தேங்காச் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டுக்கிட்டு, அந்த இரைச்சல்ல சத்தமாச் சொல்லிப் பாத்தேன், எனக்குத் தெரியும்ங்க, எனக்குப் புத்துநோய்னு தெரியும்ங்க. மிக்ஸியை நிறுத்தின உடனே ஹால்ல இருந்து, ‘என்ன எப்சி, கூப்பிட்டியா?’ன்னாவ. ‘இல்ல, சட்னிக்கு உப்பு இருக்கான்னு பாத்தேன்’னேன். உப்புப் பாக்க எதுக்குச் சத்தம் போடணும்னு அவிய கேக்கலை. அவியன்னா என் வீட்டுக்காரரு, ஞானசிகாமணி. மின்சார வாரியத்துல கணக்கதிகாரியா இருந்து ரிட்டயர் ஆனவிய. பழைய ஆளா இருந்தா கேட்டிருப்பாவ. குறுக்கு விசாரணையே நடத்தியிருப்பாவ. அதுலதான் எனக்கு முதல்ல பிடிபட்டது. ஸ்கேன்ல இல்ல, டாக்டர் என்னைய மட்டும், ‘அம்மா கொஞ்சம் வெளியில இருங்க’ன்னு சொன்னதுலகூட இல்ல. முப்பத்தெட்டு வருசமா என் சமையலைக் குறை சொல்லாம இந்த மனுசனுக்கு ஒரு வாய் உள்ள இறங்கினதில்ல. குழம்புல புளி தூக்கல், ரசம் சப்புன்னு இருக்கு, காப்பியில சீனி பத்தல, இட்லி கல்லா இருக்கு. கல்யாணமான மறுநாளே ஆரம்பிச்சது. எங்க அம்மா வந்திருக்கும்போதே, ‘மீன்ல காரம் காணாது அத்தை, உங்க மகளுக்குக் கை நீளாது’ன்னு சொன்ன ஆளு. ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுநாள் சாம்பாருக்கு நான் பருப்பே சரியா வேகவைக்கல, நிக்க முடியல, ஏதோ ஒப்பேத்தி வச்சேன். தலையைக் குனிஞ்சு சாப்பிட்டுட்டு, ‘நல்லாருக்கு எப்சி’ன்னாவ. அப்பவே எனக்குத் தெரிஞ்சிட்டு. இந்த மனுசன் நல்லாருக்குன்னு சொல்லுதாவன்னா நான் நல்லா இல்ல.

அப்புறம் ஒவ்வொண்ணாச் சேந்துச்சு. குடல்ல புண்ணுன்னு சொன்னாவ, புண்ணுக்கு எதுக்கு ஃபைலை பீரோவுல வச்சுப் பூட்டணும்? வயித்துவலின்னு ஒருத்தி படுத்தா, அவளைப் பாக்கத் தூத்துக்குடியில இருந்தும் நாசரேத்துல இருந்தும் ஆள் வருமா? ரஞ்சிதம் மைனி வந்தா, இவியளோட அக்கா. கல்யாணத்துல இருந்து என்னையப் பேர்சொல்லிக் கூப்பிடாதவ, ‘ஏட்டி’ தவிர வேற பேச்சு கிடையாது, வந்து என் தலையைத் தடவி, ‘என் தங்கம்’னா. அப்புறம் கொல்லைப் பக்கம் போயி குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு அழுதா. தண்ணிச் சத்தத்துல அழுகைச் சத்தம் கேக்காதாம். கால் மணி நேரம் ஓடுச்சு தண்ணி. நான் படுத்துக்கிட்டே, டாங்கு காலியாப் போகுது மைனின்னு மனசுக்குள்ள கத்துதேன். சபை குருவானவரு முதல் மூணு வாரமும் வந்து, ‘சுகம் தாரும் ஆண்டவரே, சுகம் தாரும்’னு என் தலைமேல கையை வச்சு அடம் பிடிச்சு ஜெபிச்சாரு. போன வாரம், ‘சமாதானம் தாரும்’னு மாத்திட்டாரு. சுகம்ங்கிற வார்த்தை ஒரு தடவைகூட வரல. காது கொடுத்துக் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன், இப்ப வரும், இப்ப வரும்னு. ஆமென் வந்திருச்சு. எல்லாரும் ஆமென்னாவ, நானும் ஆமென்னேன். பழத்தை வச்சிட்டுப் போனாரு, அதுவும் ஆப்பிள்தான். எனக்கு அப்ப பயமில்ல. பயம் அதுக்கு அப்புறம், மத்தியானம் கரண்டு போயி ஃபேன் நின்னப்ப வந்துச்சு. ஃபேன் றெக்கை மெல்ல மெல்லச் சுத்தி நிக்கதைப் பாத்துக்கிட்டே கிடந்தேன். இந்த ரூம் இப்படியே இருக்கும், அந்தக் காலண்டர் இருக்கும், நான் மடிச்சு வச்ச சேலை இருக்கும். நான் எங்க இருப்பேன்? பைபிள் கையில இருக்கு, படிச்சவதான், ஞாயித்துப் பள்ளியில சொல்லிக் கொடுத்தவதான், பரலோகம் எப்படி இருக்கும்னு படம் வரைஞ்சு காட்டினவதான். ஒண்ணும் உதவல. கரண்டு வந்ததும் எந்திரிச்சு உக்காந்துக்கிட்டேன்.

எட்டு ஆப்பிள் போதும். மத்ததை நாளைக்குப் பாப்போம். தோல் சீவினதும் கருக்க ஆரம்பிக்குது, எலுமிச்சம்பழச் சாறு விடணும், ‘ஏன் கருக்குது பிள்ளைகளா, யாரு சொல்லுங்க’ன்னு கேப்பேன், முதல் பெஞ்சில ஒருத்தி எந்திரிச்சு, காத்து பட்டு டீச்சர்ம்பா. கத்தி வழுக்குது. கையில பலமே இல்ல. முன்னெல்லாம் தோலை அறுபடாம ஒரே சுருளா எடுப்பேன், இப்ப துண்டு துண்டா விழுது, சதையும் சேர்ந்து வருது. பாவாடை வேற இறங்குது. ஊக்கு போட்டு இறுக்கியிருக்கேன். போன மாசம் ஊக்கு ஒரு இடத்துல, இந்த வாரம் இன்னும் ரெண்டு விரல் உள்ள. டாக்டர் அவியகிட்ட என்ன சொன்னாரோ, எவ்வளவு நாளுன்னு சொன்னாரோ. எனக்கு அவரு சொல்ல வேண்டாம். இந்த ஊக்கு சொல்லுது. கிறிஸ்மஸ் வரைக்கும் இது தாங்காது. டிசம்பர் இருபதாம் தேதிக்கு மெல்போர்ன்ல இருந்து பியூலாவுக்கு டிக்கெட். என் மக. ஒத்தைக்கு ஒரு மக. நாலு வருசமாச்சு அவளை நேர்ல பாத்து. போன வருசம் வாரேன்னு சொல்லி லீவு கிடைக்கல, சரிட்டி அடுத்த வருசம் வான்னேன், எனக்கென்ன தெரியும் அப்ப. இப்ப டிசம்பர் இருபது. இன்னைக்கு அக்டோபர் பத்தொம்பது. எனக்கு அந்தப் பிள்ளையைப் பாக்கணும். அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேண்டாம். மருந்து வேண்டாம், ஜெபம் வேண்டாம், பக்கத்துல வந்து படுத்து, சின்னதுல படுக்க மாதிரி காலைத் தூக்கி என் வயித்து மேல போடட்டும். வயித்துல வேண்டாம், வலிக்கும். காலு மேல போடட்டும்.

அதைக் கேட்டா அவ வந்திருவா. அதுதானே என் நெஞ்சைக் கிழிக்கு. வரத் தயாராத்தான் இருக்கா. செவ்வாய்க்கிழமை இவிய வெளி வராண்டாவுல நின்னு போன் பேசினாவ, குரலைத் தாழ்த்திப் பேசுததா நினைப்பு, கணக்கதிகாரி குரலு தெருவுக்கே கேக்கும். நான் ஜன்னல் பக்கம் படுத்திருக்கேன். ‘வேண்டாம் பியூலா, இப்ப வராத. சொன்னாக் கேளும்மா. லீவுமில்ல ஒண்ணுமில்ல, திடீர்னு நீ வந்து நின்னா அம்மாவுக்குச் சந்தேகம் வந்திரும். அவ தாங்கமாட்டா. டிசம்பர்லயே வா. எப்பவும் போல வா.’ அப்படின்னாவ. எப்பவும் போலவாம்! எனக்கு எந்திரிச்சு ஓடி அந்தப் போனைப் பிடுங்கணும்போல இருந்துச்சு. ஏட்டி வா, எனக்குச் சந்தேகமே இல்லட்டி, எனக்குத் தெரியும்ட்டி, இப்பவே வான்னு கத்தணும். கத்தல. கண்ணை மூடித் தூங்குத மாதிரி கிடந்தேன். இவிய உள்ள வந்து போர்வையை இழுத்துவிட்டாவ. அந்தக் கையைப் பிடிச்சிருக்கலாம்லா? அப்பவே பிடிச்சுச் சொல்லியிருக்கலாம்லா? ஏன் சொல்லல? இதையேதான் அஞ்சு நாளாக் கேட்டுக்கிட்டிருக்கேன். சொன்னா அவிய உடைஞ்சிருவாவன்னு பயம். சொல்லாட்டா என் பிள்ளையைப் பாக்காம போயிருவேன். சொன்னா அது உண்மையாயிரும். இப்ப மட்டும் என்ன பொய்யாவா இருக்கு? இருந்தாலும், ரெண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துச் சொல்லிட்டா அப்புறம் இந்த வீட்டுல எப்படிப் பேப்பர் படிக்க, எப்படிக் காப்பி போட? திரும்பத் திரும்ப அங்கயே வந்து முட்டுது.

இதுல பெரிய கூத்து என்னன்னா, இந்தப் பாடத்தை இவியளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். பத்தொம்பது வருசம் முந்தி எங்க அம்மாவுக்கு இதே வியாதி. இதே வீடு, அந்தப் பின்பக்க ரூமு. டாக்டர் சொன்னதும் இவிய சொன்னாவ, ‘அத்தைகிட்டச் சொல்லிருவோம் எப்சி. பெரிய மனுசி. அவியளுக்கும் ஆயிரம் நினைப்பு இருக்கும்லா’ன்னு. நான் ஆடின ஆட்டம் இருக்கே! ‘உங்க அம்மாவா இருந்தா இப்படிச் சொல்லுவியளா? எங்க அம்மாவைப் பயத்துலயே கொல்லப் பாக்கியளா?’ன்னு கேட்டுட்டேன். அந்தக் கேள்வி கேட்டதும் இவிய மூஞ்சி சுருங்கிப் போச்சு. வாரவுககிட்டெல்லாம் வாசல்லயே நின்னு, ‘அம்மாவுக்குத் தெரியாது, அழுதுராதீங்க, சிரிச்ச முகமாப் பேசுங்க’ன்னு பாடம் எடுத்தேன், பரீட்சைக்கு முன்னால பிள்ளைகளுக்குச் சொல்லுத மாதிரி. ஒரு நாள் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுக்கிட்டிருக்கேன், கொட்டிப் போயி நாலு முடிதான் இருக்கு. ‘ஏட்டி எப்சி, முன்னால வந்து என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. எனக்கு என்னது?’ன்னா. நான் முன்னால போகல. பின்னால நின்னுக்கிட்டே, ‘வாயுத் தொல்லைதாம்மா’ன்னேன். ‘சரி’ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, ‘சாத்ராக்கைப் பாக்கணும்ட்டி’ன்னா. அவ தம்பி. சொத்துல ஏதோ மனக்கசப்பு, ஒன்பது வருசம் பேச்சுவார்த்தை கிடையாது. கூப்பிட்டு விட்டா அம்மாவுக்குப் புரிஞ்சிருமேன்னு பயந்து, ‘உடம்பு தேறட்டும்மா, நாமளே போயிப் பாப்போம்’னேன். அதுக்கும் சரின்னா. அப்புறம் ஒரு கேள்வியும் கேக்கல. சாவுக்குத்தான் மாமா வந்தாரு. பெட்டி மேல தலையை முட்டி முட்டி, ‘ஒரு வார்த்தை சொல்லிவிடக்கூடாதா எப்சி’ன்னு என்னையப் பாத்துக் கேட்டாரு. நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன்னு நினைச்சேன். ரொம்ப வருசம் அப்படித்தான் நினைச்சேன். நீ எல்லாம் தெரிஞ்சுதானேம்மா சரின்னு சொன்ன? எனக்காகத்தானே சொன்ன? என் கழுத்தைப் பிடிச்சு உலுக்கிக் கேட்டிருக்கலாம்லா? இப்ப இவிய நான் போட்ட சட்டத்தை அச்சுப் பிசகாமக் கடைப்பிடிக்காவ. அவியளைக் குத்தம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

மைதாவுல வெண்ணெயைப் போட்டு விரல் நுனியால பிசிறணும், உள்ளங்கை படக்கூடாது, சூட்டுல உருகிரும். எனக்கு உள்ளங்கையில சூடே இல்லயே, பிரச்சினை இல்ல. ரொட்டித் தூள் மாதிரி உதிர உதிர வருது. இதுமட்டும் கை மறக்கல. வட்ட ஓவனைப் பரண்ல இருந்து காலையிலயே இவிய இறக்கி வச்சாவ. பழைய அலுமினிய ஓவன், மூடியில சின்னக் கண்ணாடி, பியூலா சின்னப் பிள்ளையில அதுக்குள்ள எட்டிப் பாத்து மூக்கைச் சுட்டுக்கிட்டா. ‘எதுக்கு எப்சி இப்ப இந்த வேலை, படுத்துக்கோ’ன்னாவ. ‘ஆப்பிள் அழுகுது’ன்னேன். உடனே ஏணியை எடுத்துட்டு வந்துட்டாவ. முன்ன மாதிரின்னா, ஒரு ஆப்பிளுக்காக ஏணியா, உனக்கு மண்டையில என்ன இருக்குன்னு கேட்டிருப்பாவ. கேளுங்களேன். ஐயோ, ஒரு தடவை ஏசுங்களேன். உங்க வாயில இருந்து ஒரு ஏச்சு கேட்டு ரெண்டு மாசமாச்சு. வீடே ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. எல்லாரும் மெதுவாப் பேசுதாவ, கதவை மெதுவாச் சாத்துதாவ. நான் சொல்லுததுக்கெல்லாம் சரி, சரி, சரி. நான் இருக்கும்போதே என்னையக் கும்பிட ஆரம்பிச்சிட்டாவ. சீனி டப்பாவை எடுத்தேன். பக்கத்துல தூள் உப்பு டப்பா. ரெண்டும் ஒரே மாதிரி டப்பா, நான்தான் மேல பேரெழுதி ஒட்டியிருக்கேன். சீனி டப்பாவைத் திறந்து கரண்டியை உள்ள விட்டுட்டு அப்படியே நிக்கேன். அப்பதான் அந்த யோசனை வந்துச்சு. சீனியை மூடி வச்சேன். உப்பை எடுத்தேன்.

பைத்தியக்காரத்தனந்தான். தெரியும். ஆனா பாரு, வார்த்தை எனக்கு வரமாட்டேங்குது, அவியளுக்கும் வரமாட்டேங்குது. யாராவது ஒருத்தர் ஒரே ஒரு உண்மையைச் சொல்லி ஆரம்பிக்கணும்லா, அது எதுவா இருந்தா என்ன? ஒரு வாய் எடுத்து வைப்பாவ. ‘ச்சீ, என்ன எப்சி இது, வாயில வைக்க விளங்கல’ன்னு சொல்லுவாவ. முப்பத்தெட்டு வருசப் பழக்கம், நாக்கு சும்மா இருக்குமா, தன்னால வந்திரும். அந்த ஒரு வார்த்தை போதும். அதைப் பிடிச்சுக்கிடுவேன். ஆமாங்க, உப்புதான், அதைச் சொல்லிட்டியள்லா, அப்ப இதையும் சொல்லுங்க, எனக்கு என்னதுன்னு சொல்லுங்க, அப்புறம் போனை எடுத்து என் மகளை வரச்சொல்லுங்கன்னு கேட்டிருவேன். இதுக்கு மேல சோதனை வேண்டாம். ஆப்பிள்மேல ஒரு கரண்டி, தலை தட்டாம. மாவுல ரெண்டு கரண்டி. போதுமா? இவியளுக்குப் பிரஷர் வேற இருக்கு. ஒரு வாய்தானே, ஒரு வாயிலயே துப்பிருவாவ. பட்டைத்தூளை மேல தூவினேன், வாசனைக்கு. மூடியைப் போட்டு சுவிட்சைத் தட்டினேன். முக்கால் மணி நேரம். வேகும்போது வெண்ணெயும் பட்டையும் சேர்ந்து ஒரு வாசனை வந்துச்சு பாரு, ஸ்கூல் லேப் வாசனை, மணியடிச்சாலும் பிள்ளைக போகாம மூக்கை உறிஞ்சிக்கிட்டு நிக்கும். எனக்கு ஒமட்டிக்கிட்டு வந்துச்சு. முந்தானையை மூக்குல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஹால்ல இருந்து, ‘வாசனை தூக்குதே!’ன்னு சத்தம் கேக்குது. இருங்க, இருங்க, வாயில வச்சிட்டுச் சொல்லுங்க.

மூணே முக்காலுக்கு எடுத்துட்டேன். மேல செவசெவன்னு பூத்து வந்திருக்கு, படம் எடுத்துப் புத்தகத்துல போடலாம். பெரிய கண்ணாடிக் கிண்ணத்துல வச்சு, ரெண்டு கையாலும் பிடிச்சிக்கிட்டு, சுவரைத் தொட்டுத் தொட்டுப் போறேன். பேப்பரை மடிச்சு வச்சிட்டு ஓடி வந்து வாங்கிக்கிட்டாவ. எதிர் நாற்காலியில உக்காந்தேன். கரண்டியில எடுத்தாவ, ஊதினாவ, வாயில வச்சாவ. பாத்துக்கிட்டே இருக்கேன். தாடை ஒரு நிமிசம் நின்னுச்சு. கண்ணு என்னையப் பாக்காமக் கிண்ணத்தைப் பாத்துச்சு. சொல்லுங்க. அப்புறம் தாடை அசைஞ்சுச்சு, தொண்டை ஏறி இறங்குச்சு. இன்னொரு கரண்டி. ‘எப்படி இருக்கு?’ன்னேன். ‘ரொம்ப நல்லாருக்கு எப்சி.’ ‘சீனி போதுமா?’ ‘எல்லாம் கணக்கா இருக்கு.’ மூணாவது கரண்டி. நாலாவது. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்கு, மூக்கு சிவந்து போச்சு, அள்ளி அள்ளிப் போடுதாவ, நிறுத்தினா ஏதோ ஆயிரும்னு பயந்த மாதிரி. எனக்குத் தாங்க முடியல. எந்திரிச்சுக் கிண்ணத்தைப் பிடிச்சு இழுத்தேன். விடமாட்டேங்காவ. ‘விடு எப்சி, சாப்பிடுதேன்லா.’ ‘அதுல சீனியே இல்லங்க, முழுசும் உப்பு. நான்தான் போட்டேன்.’ ‘தெரியும்’னாவ. ‘தெரிஞ்சுமா தின்னிய?’ கரண்டியைக் கீழ வச்சாவ. சின்னப் பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி மெதுவாச் சொல்லுதாவ, ‘அதனால என்ன எப்சி? கை மாறிப் போட்டிருப்ப. அந்த மாத்திரை அப்படித்தான் கொஞ்சம் மறதி கொடுக்கும்னு டாக்டர் சொன்னாரு. நீ மனசுல வச்சுக்கிடாத.’ ‘மறந்து போடலங்க. வேணும்னே போட்டேன்.’ ‘சரி, சரி.’ ‘சரின்னு சொல்லாதீங்க! எனக்குத் தெரியும்ங்க. எல்லாம் தெரியும்.’

வந்திருச்சு. வாயை விட்டு வெளியில வந்திருச்சு. அவிய காதுல விழுந்துச்சு, மூஞ்சியைப் பாத்தாத் தெரியுது. வாயோரத்துல உப்பு மாவு ஒட்டியிருக்கு, உதடு கோணிக்கிட்டுப் போகுது, ஏதோ சொல்ல வாராவ, சொல்லுங்க, என் ராசால்லா, சொல்லிருங்க. அப்ப போன் அடிச்சுச்சு. நாலு மணி. தினம் அவ கூப்பிடுத நேரம். சோத்துக்கு அலைஞ்சவன் பாயுத மாதிரி அந்தப் போன்மேல பாஞ்சாவ. ‘பியூலாதான், பியூலாதான்.’ புறங்கையால கண்ணைத் துடைச்சாவ, வாயைத் துடைச்சாவ, பட்டனை அமுக்குததுக்குள்ள மூஞ்சி முழுக்கச் சிரிப்பு வந்திருச்சு. எப்படித்தான் வருதோ. ‘வாம்மா! அம்மா இன்னைக்கு என்ன செஞ்சிருக்கா தெரியுமா? ஆப்பிள் கிரம்பிள்! நான் ஒரு கிண்ணம் காலி பண்ணிட்டேன். அம்மா சூப்பரா இருக்கா, நீயே பாரு’ன்னு போனை என் கையில கொடுத்துட்டு என் பின்னால போயி நின்னுக்கிட்டாவ. என் பிள்ளை. அங்க ராத்திரியாயிருச்சு போல, முடியைத் தூக்கிக் கட்டியிருக்கா, கண்ணு வீங்கியிருக்கு, மை போட்டு மறைச்சிருக்கா. ‘அம்மா, எனக்கு எடுத்து வை!’ன்னு சிரிக்கா. இப்ப விட்டா எப்பவும் இல்ல. ‘பியூலா’ன்னேன். ‘இப்பவே வாட்டி. இந்த வாரமே கிளம்பி வா.’ சொல்லிட்டேன். தெளிவாச் சொல்லிட்டேன். அவ சிரிப்பு அப்படியே நின்னுச்சு. கண்ணு என்னைய விட்டுட்டு என் தோளுக்கு மேல போச்சு. போன் மூலையில என் மூஞ்சி தெரியுத சின்னக் கட்டம் இருக்குல்லா, அதுல பாத்தேன். எனக்குப் பின்னால அவிய நின்னு, வேண்டாம் வேண்டாம்னு தலையை ஆட்டுதாவ. ஆட்டிக்கிட்டே அழுதாவ. பியூலா திரும்பவும் என்னையப் பாத்தா. சிரிப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கிட்டா. ‘என்னம்மா நீ, டிசம்பர் இருபதுக்கு டிக்கெட் போட்டாச்சுல்லா? இன்னும் ரெண்டே மாசந்தானே. அதுக்குள்ள உனக்கு என்ன அவசரம்?’ கடைசி வார்த்தையில குரல் கிழிஞ்சு போச்சு. இருமுத மாதிரி காட்டிக்கிட்டா. அவ மூஞ்சியையே பாத்துக்கிட்டிருக்கேன், ஒவ்வொரு இடமா, நெத்தி, புருவம், கன்னத்துல அம்மைத் தழும்பு. அப்பன், மக, ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்துப் பாத்தாச்சு. இந்தக் கதவு திறக்காது.

‘ஒரு அவசரமும் இல்லட்டி’ன்னேன். ‘சும்மாதான் கேட்டேன். டிசம்பர்லயே வா.’ பின்னால அவிய மூச்சு விடுத சத்தம் கேக்குது. ‘அப்புறம்? அங்க இன்னைக்கு என்ன சமையல்?’